இறுகாத பனி

அக்கா மகள் அப்போது உக்ரைனில் சூமி என்ற நகரத்தில் மருத்துவம் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தாள். பிள்ளை ஒழுங்காகச் சாப்பிடுகிறதா, விடுதி அறை குளிர் தாங்குமா, கூட இருக்கிறவர்கள் எப்படி என்று நேரில் பார்த்துவர அக்காவுக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது. எனக்கு பதூரின் போக ஒரு சாக்கு தேவைப்பட்டது. 2019 நவம்பரில் இரண்டு கிலோ இட்லிப்பொடி, ஒரு ஜாடி நார்த்தங்காய் ஊறுகாய், கோவில்பட்டி கடலை மிட்டாய், அக்கா திணித்துவிட்ட சின்ன இட்லிக் குக்கர் சகிதம் கீவ் விமான நிலையத்தில் இறங்கினேன். சுங்கத்தில் ஓர் இளைஞர் இட்லிப்பொடியை முகர்ந்து பார்த்தார். இரண்டு முறை தும்மினார். போகலாம் என்று கை காட்டிவிட்டார்.

பதூரின் என்ற பெயர் எனக்குப் பழக்கமானது தாமதமாகத்தான். மசெப்பா என்ற பெயர் முந்தியே தெரியும். திருநெல்வேலியில் ஆங்கில இலக்கியம் படித்த காலத்தில் பைரனின் ‘மசெப்பா’வை வாசித்தேன். 1819-இல் வந்த கவிதை. போலந்து அரசவையில் ஒரு வாலிபன் பிரபு ஒருவரின் மனைவியோடு பழகி அகப்பட்டுக்கொள்கிறான். அவனை அம்மணமாக்கி, பழக்காத குதிரையின் முதுகில் கட்டி, காட்டுக்குள் விரட்டிவிடுகிறார்கள். நடந்ததோ கட்டியதோ, வால்தேர் எழுதிவைத்துவிட்டுப் போன கதை. அதற்குப் பிறகு அந்தக் குதிரைக்கு ஓய்வே இல்லை. பைரனுக்குப் பின்னால் விக்தோர் ஹூகோ அதன்மேல் ஏறினார், லிஸ்ட் இசையமைத்தார், பிரெஞ்சு ஓவியர்கள் வரிசையாக வரைந்து தள்ளினார்கள். புஷ்கினுக்கும் சாய்க்கோவ்ஸ்கிக்கும் குதிரை வேண்டியிருக்கவில்லை, கிழவன் மசெப்பாவின் காதல் போதுமானதாக இருந்தது. இத்தனை பேர் மசெப்பாவைத் தூக்கிச் சுமந்தார்கள். அவர் தலைநகராக வைத்து ஆண்ட பதூரின் ஒரே நாள் காலையில் எரிந்ததை அவர்களில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஐம்பது வயதுக்கு மேல்தான் எனக்கு அந்தக் கணக்கு உறைத்தது. அந்த ஊரைப் பார்க்க வேண்டும் என்று தோன்றியதும் அப்போதுதான்.

விடுதிப் பிள்ளைகள் விமான நிலையம் போய்வர வழக்கமாகக் கூப்பிடும் டிரைவர் ஒருவர் இருந்தார். விடியுமுன்பே வந்து நின்றார். சூமியிலிருந்து கோனோதோப், அங்கிருந்து பதூரின். இருட்டு விலகியபோது இரண்டு பக்கமும் உழுதுபோட்ட நிலம் தெரிந்தது. கருகருவென்று, ஈரம் சொட்ட, அடிவானம் வரைக்கும். கரிசல். எங்கள் ஊர்க் கரிசல் வெடித்துப் பிளந்து கிடக்கும், இது வெண்ணெய் மாதிரி வழுவழுப்பாகக் கிடந்தது. அறுவடை முடிந்த சூரியகாந்தித் தட்டைகள் தலை கவிழ்ந்து நின்றன. இந்த மண்ணுக்காகத்தான் எல்லாச் சண்டையும் என்று சொல்லிவிட்டால் பாதி உண்மை. மீதிப் பாதி, இது வழியில் இருக்கிறது என்பது. மாஸ்கோவுக்குப் போகிறவனும் மாஸ்கோவிலிருந்து வருகிறவனும் இதை மிதித்துக்கொண்டுதான் போக வேண்டும்.

1708-இல் அப்படிப் போனவர் ஸ்வீடனின் பன்னிரண்டாம் சார்ல்ஸ். வயது 26. வடக்குப் பெரும்போர் 1700-இல் தொடங்கி 1721 வரை நடந்தது. ஒரு பக்கம் ஸ்வீடன், மறுபக்கம் ரஷ்யாவின் பீட்டர், டென்மார்க், சாக்சனி. இந்த டென்மார்க் அரசர் நான்காம் ஃபிரெடரிக் நமக்கு அந்நியர் அல்ல, தரங்கம்பாடிக்கு மதபோதகர் சீகன்பால்கை அனுப்பிவைத்தவர். பதூரின் எரிந்த அதே 1708 நவம்பரில்தான் தரங்கம்பாடியில் டேனிஷ் தளபதி சீகன்பால்கைப் பிடித்துக் கோட்டைக்குள் அடைத்தார், நான்கு மாதம். இரண்டுக்கும் சம்பந்தமில்லை. ஒரே வருஷத்துக்குள் எத்தனை கோட்டைகள், எத்தனை கதவுகள் என்று காரில் உட்கார்ந்து நினைத்துக்கொண்டேன், அவ்வளவுதான்.

இந்த மண்ணின் போர்க்குடிகளான கோசாக்குகள் தங்கள் தலைவரை ஹெட்மன் என்பார்கள். தினிப்ரோ ஆற்றின் இடது கரை நாட்டை ஆண்ட ஹெட்மன்கள் ரஷ்ய ஜாருக்குக் கட்டுப்பட்டவர்கள், ஆனால் படை, நீதிமன்றம், கருவூலம் எல்லாம் தனியாக வைத்திருந்தவர்கள். 1669-இலிருந்து அவர்களுடைய தலைநகர் பதூரின். இவான் மசெப்பா 1687-இல் ஹெட்மன் ஆனார். ஏறக்குறைய இருபது வருஷம் பீட்டருக்கு அவரைவிட நம்பகமான ஆள் தெற்கில் இல்லை. புனித அந்திரேயா விருதை ரஷ்யாவில் இரண்டாவதாகப் பெற்றவர் அவர். தேவாலயங்களாகக் கட்டிக் குவித்தார், நிலமும் அப்படியே சேர்த்தார். சாமானியக் கோசாக்குகளுக்கு அவரை அவ்வளவாகப் பிடிக்காது. பணக்காரக் கிழவர், ரஷ்யர்களின் செல்லப்பிள்ளை என்பதுதான் அவர் பெயர்.

ஆனால் போர் இழுத்துக்கொண்டே போனது. கோசாக் படைகளைப் பால்டிக் கரை வரைக்கும் கூப்பிட்டார்கள். போனவர்கள் பலர் திரும்பவில்லை. கோட்டை கட்ட ஆள் கேட்டார்கள். சார்ல்ஸ் வந்தால் ஒரு தானியமணி கிடைக்காதபடி நாட்டைக் கொளுத்திக்கொண்டே பின்வாங்குவது என்று பீட்டர் முடிவெடுத்தபோது, கொளுத்தப்படப் போவது யாருடைய நாடு என்று மசெப்பாவுக்குப் புரிந்தது. காக்கப் படை தாருங்கள் என்று கேட்டார். கிடைக்கவில்லை. அதற்கு முன்பே எதிர்த்தரப்போடு ரகசியக் கடிதங்கள் ஓடத் தொடங்கியிருந்தன.

கோனோதோப்பில் காபி குடித்தோம். டிரைவர் தன் பணப்பையிலிருந்து ஒரு பத்து ஹ்ரிவ்னியா நோட்டை எடுத்து, அதிலிருந்த மீசைக்காரரைத் தட்டிக் காட்டினார். “மசெப்பா.” பிறகு ஏதோ வேகமாகச் சொன்னார். அக்கா மகள், எங்கள் பாப்பா, சிரித்தாள்.

“என்ன சொல்றார்?”

“இவரப் பாக்க எதுக்கு மாமா அவ்வளவு தூரம் போறீங்க, டீக்கடையிலயே இருக்காருன்னு சொல்றாரு.”

பதூரினில் முதலில் போனது ஒரு வீட்டுக்கு. சிவப்பு ஓட்டுக் கூரை இல்லை, கோபுரம் இல்லை, வெள்ளையடித்த ஒற்றைத்தள வீடு, தடித்த சுவர்கள். சுற்றிலும் பூங்கா, வயதான ஓக் மரங்கள். பலகையில் இருந்ததை பாப்பா எழுத்துக் கூட்டிப் படித்தாள். “கொச்சுபேய்.” என்னைத் திரும்பிப் பார்த்தாள். “கொச்சுப் பேயா? மாமா, நிஜமாவே அதான் பேரா?”

நிஜமாகவே அதுதான் பெயர். வசீல் கொச்சுபேய், மசெப்பாவின் தலைமை நீதிபதி. அவருடைய மகள் மோத்ரியா மசெப்பாவின் ஞானமகள். அவளை அறுபது தாண்டிய மசெப்பா பெண் கேட்டார். ஞானத்தந்தை மணம் முடிக்கத் திருச்சபையில் இடமில்லை, பெற்றோர் மறுத்தார்கள். பெண் வீட்டைவிட்டுக் கிளம்பி மசெப்பாவிடமே வந்துவிட்டாள். அவர் திருப்பி அனுப்பிவைத்தார். அவளுக்கு அவர் எழுதிய கடிதங்களில் 12 இன்றைக்கும் இருக்கின்றன. பூங்காவில் ஓர் ஓக் மரத்தைக் காட்டி, இங்கேதான் இருவரும் சந்தித்துக்கொண்டார்கள் என்கிறார்கள். பெரிய மரம் இருக்கிற ஊரில் அதன் அடியில் யாரையாவது சந்திக்கவைக்காமல் விடமாட்டார்கள்.

கொச்சுபேய் மனதில் அந்தக் காயம் ஆறவே இல்லை. ஹெட்மன் துரோகம் செய்யப் பார்க்கிறார் என்று ஜாருக்கு எழுதினார். அவர் எழுதியது உண்மை. ஜார் நம்பவில்லை. புகார் சொன்னவரையே சித்திரவதை செய்து, பொய் என்று ஒப்புக்கொள்ள வைத்து, மசெப்பாவிடம் ஒப்படைத்தார்கள். 1708 ஜூலையில் கொச்சுபேயின் தலையும் அவர் கூட்டாளி இஸ்க்ராவின் தலையும் வெட்டப்பட்டன. நான்கே மாதம் கழித்து அவர் எழுதிய ஒவ்வொரு எழுத்தும் மெய் என்று ஜாருக்குத் தெரியவந்தது.

மசெப்பா காலத்துப் பதூரினில் இன்றைக்கு நிற்கிற ஒரே கட்டடம் இந்த வீடுதான். ஹெட்மனின் மாளிகை போயிற்று, கோட்டை போயிற்று, தேவாலயங்கள் போயின. ஹெட்மன் தலையை வெட்டிய மனிதனின் வீடு மட்டும் மிஞ்சியிருக்கிறது. நிலவறைக்குள் இறங்கிப் பார்த்தோம். வளைந்த செங்கல் கூரை, ஈர வாடை, தலை இடிக்கும் உயரம். பாப்பா பாதிப் படியிலேயே நின்றுவிட்டாள். “பேய் வீடுதானே மாமா, நீங்களே பாத்துட்டு வாங்க.”

ஊரில் இரண்டாயிரத்துச் சொச்சம் பேர்தான் இருக்கிறார்கள். ஊருக்குப் பொருந்தாத அளவுக்கு ஒரு அரண்மனை நிற்கிறது. மூன்று மாடி, நெடுந்தூண்கள், ஆற்றைப் பார்த்த முகப்பு. கடைசி ஹெட்மன் கிரிலோ ரஸுமோவ்ஸ்கி கட்டத் தொடங்கியது, வரைந்தவர் சார்ல்ஸ் கேமரூன் என்ற கட்டடக் கலைஞர். அதில் குடியேறும் முன்பே 1803-இல் ரஸுமோவ்ஸ்கி இறந்துபோனார். பீத்தோவன் மூன்று நால்வர் இசைகளை ரஸுமோவ்ஸ்கி பெயருக்கு எழுதினாரே, அது இவர் மகன். அரண்மனை நெடுங்காலம் கூரையில்லாமல் கிடந்து 2009-இல் புதுப்பிக்கப்பட்டது. அழகாக இருக்கிறது. அதற்குமேல் சொல்ல எனக்கொன்றும் இல்லை, நான் அதைப் பார்க்கப் போகவில்லை.

கோட்டை ஆற்றோர மேட்டில் இருக்கிறது. அகழி, அதன்மேல் மரப்பாலம், மண்கரை, கரைக்கு மேலே கூர்சீவிய மரவேலி, நுழைவாயிலில் மரக்கோபுரம். உள்ளே ஒரு மரத் தேவாலயம், ஹெட்மனின் வீடு, கருவூலம். மரத்தில் இன்னும் மரத்தின் நிறம் இருந்தது, ஆணிகளில் துரு ஏறத் தொடங்கியிருந்தது. அகழாய்வில் கிடைத்த அடித்தடத்தை வைத்து எழுப்பி, 2009 ஜனவரியில் திறந்த கோட்டை. எங்களுக்கு வழிகாட்ட வந்த அம்மா, கம்பளிச் சால்வையைத் தலையோடு போர்த்தியிருந்தார், கோட்டை புதிது என்பதை மறைக்கவில்லை. அவர் உக்ரைனிய மொழியில் சொல்வதை பாப்பா தமிழில் எனக்குச் சொன்னாள். பாதி புரிந்து, பாதி ஊகித்து.

“இந்தக் கோட்டைக்குப் பத்து வயசுதான் ஆகுதாம் மாமா. என்னவிடச் சின்னது.”

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். 1708 அக்டோபரில் சார்ல்ஸின் நிலைமை மோசம். வடக்கிலிருந்து ஆயிரக்கணக்கான வண்டிகளில் அவருக்கு வந்துகொண்டிருந்த உணவும் வெடிமருந்தும் லெஸ்னயாவில் நடந்த சண்டையில் பறிபோய்விட்டன. அந்தப் பசித்த படைக்கு வேண்டிய தானியம், பீரங்கி, மருந்து மொத்தமும் பதூரின் கோட்டைக்குள் இருந்தது. மசெப்பா அதைக் காட்டித்தான் ஸ்வீடனோடு பேசியிருந்தார். ஜார் கூப்பிட்டபோதெல்லாம் சாகக் கிடக்கிறேன் என்று படுத்துக்கொண்டார், பாதிரியாரை அழைத்து எண்ணெய்கூடப் பூசிக்கொண்டார். பீட்டரின் வலதுகை அலெக்சாந்தர் மென்ஷிகோவ் நோயாளியைப் பார்த்துவரப் புறப்படுகிறார் என்று தெரிந்த இரவில், சாகக் கிடந்த 69 வயதுக்காரர் குதிரையில் தாவினார். பதூரின் வந்தார், தளபதி திமித்ரோ செச்செலிடம் கோட்டையைக் காத்துக்கொள் என்றார், ஒரு சிறு படையோடு தெஸ்னா ஆற்றைக் கடந்து ஸ்வீடன் பக்கம் போய்விட்டார்.

இங்கே எனக்கு மசெப்பாமீது கோபம் வருகிறது. நோட்டில் படம் போட்டிருக்கிறார்கள், அது அவர்கள் உரிமை. ஆனால் இத்தனை வருஷம் யாருக்கும் தெரியாமல் திட்டம் போட்டவர், திட்டம் வெளிப்படும் நாளில் தன் ஊர் என்ன ஆகும் என்று யோசித்ததாகத் தெரியவில்லை. சுற்றுக் கிராமத்து ஜனங்கள் பெண்டுபிள்ளைகளோடு பாதுகாப்புக்காக அந்தக் கோட்டைக்குள் வந்து ஒண்டியிருந்தார்கள். ஹெட்மன் கட்சி மாறியதே அவர்களில் பலருக்குக் கோட்டைக்கு வெளியே ரஷ்யப் படை வந்து நின்ற பிறகுதான் தெரிந்திருக்கும்.

மென்ஷிகோவ் வந்து நின்றது நவம்பர் 11. பழைய ரஷ்ய நாள்காட்டியில் அக்டோபர் 31, அந்தக் காலத்தில் இரண்டுக்கும் 11 நாள் வித்தியாசம். கதவைத் திறக்கச் சொன்னார். உள்ளேயிருந்தவர்கள் யோசிக்க மூன்று நாள் அவகாசம் கேட்டார்கள். மூன்று நாளில் சார்ல்ஸ் தெஸ்னாவைத் தாண்டிவிடுவார் என்று கேட்டவர்களுக்கும் தெரியும், கேட்கப்பட்டவருக்கும் தெரியும். கொடுக்கவில்லை. உள்ளே செர்தியூக்குகள் இருந்தார்கள், ஹெட்மனிடம் சம்பளம் வாங்கும் காலாட்படை, அவர்கள் தலைவர்தான் செச்செல். பீரங்கிக்குப் பொறுப்பு கோனிக்செக் என்ற ஜெர்மானியர். சுவர் இருந்தது, பீரங்கி இருந்தது, மருந்து இருந்தது, தானியம் மலைபோல் இருந்தது. ஒரு வாரம் தாங்கக்கூடிய கோட்டை.

இந்த இடத்தில் எல்லாக் கோட்டைக் கதைகளிலும் வருகிறவன் வருகிறான். பிரிலூகி படைப்பிரிவைச் சேர்ந்த இவான் நிஸ் என்ற அதிகாரி மென்ஷிகோவுக்கு ரகசிய வழி ஒன்றைச் சொல்லி அனுப்பினார் என்பது மரபாகச் சொல்லப்படுவது. நிஸ் என்றால் உக்ரைனிய மொழியில் மூக்கு. ரகசிய வழியெல்லாம் பிற்பாடு சேர்த்த கதை என்று வாதிடும் வரலாற்றாசிரியர்களும் உண்டு. ஆனால் சம்பவத்துக்குப் பிறகு நிஸ் பிரிலூகியின் கர்னலாக ஆக்கப்பட்டது பதிவில் இருக்கிறது. வழிகாட்டி அம்மாவிடம் இதைக் கேட்டேன். அவர் தன் மூக்கை ஒருமுறை விரலால் தொட்டுக் காட்டினார், வேறொன்றும் சொல்லவில்லை.

நவம்பர் 13 விடிகாலை. சண்டை இரண்டு மணி நேரத்தில் முடிந்தது. மற்றது அதற்குப் பிறகு நடந்தது.

லிசோஹூப் குறிப்பேடு என்று ஒரு கோசாக் பதிவு உண்டு. அது அலங்காரமில்லாமல் சொல்கிறது. ஊர்களிலிருந்து தப்பிவந்து கூடியிருந்த ஜனங்கள் பலர் வாளுக்கு இரையானார்கள். பலர் வீடுகளின் அடியிலும் நிலவறைகளிலும் குழிகளிலும் ஒளிந்து, மேலே நெருப்பு வைக்கப்பட்டபோது மூச்சு முட்டியோ வெந்தோ போனார்கள். பலர் சேய்ம் ஆற்றைக் கடந்து ஓடப் பார்த்தார்கள். ஆற்றில் பனி படிந்திருந்தது, ஆனால் இன்னும் இறுகவில்லை. உடைந்தது. மொத்தம் எத்தனை பேர் என்பதில் இன்றுவரை சண்டை. 11,000 முதல் 15,000 வரை என்று பல உக்ரைனிய ஆய்வாளர்கள் சொல்கிறார்கள், மிகை என்று வெட்டிக் குறைப்பவர்கள் இருக்கிறார்கள்.

1990-களின் நடுவிலிருந்து செர்னிஹிவ் தொல்லியலாளர்கள், பின்னாளில் கனடாவின் ஆய்வு நிறுவனங்களும் சேர்ந்து, இங்கே தோண்டி வந்தார்கள். கரி அடுக்கு கிடைத்தது. அதன் கீழே அவசரத்தில் புதைத்த எலும்புக்கூடுகள், பெண்களுடையவை, கிழவர்களுடையவை, குழந்தைகளுடையவை, சில மண்டையோடுகள் வெட்டு விழுந்தவை. அவற்றைத் திரும்பவும் முறைப்படி அடக்கம் செய்திருக்கிறார்கள். பாப்பா அந்த ஆண்டுதான் எலும்பியல் படித்து முடித்திருந்தாள். காட்சிக்கு வைத்திருந்த படம் ஒன்றின் முன்னால் குனிந்து நின்றவள், நான் கேட்காமலே சொன்னாள். “இது சின்னப் புள்ள மாமா. நெத்தி எலும்பு பாருங்க, ரெண்டும் இன்னும் ஒட்டவே இல்ல.” அதற்குப் பிறகு வழிகாட்டி சொன்னதை அவள் கொஞ்ச நேரம் மொழிபெயர்க்கவில்லை. நானும் கேட்கவில்லை.

தொல்லியல் காட்சிக்கூடத்தில் என்னை நிறுத்தியது ஒரு அடுப்பு ஓடு. குளிர்நாட்டு வீடுகளில் சுவரோடு சுவராக ஆளுயர அடுப்பு கட்டி, வெளிப்பக்கம் முழுக்கப் பளபளப்பு ஓடு பதிப்பார்கள். கையகல ஓடு. பச்சை மெருகு, நடுவில் இதழ் இதழாக ஒரு பூ. ஓரம் உடைந்திருந்தது. முன்பக்கம் பச்சை பளிச்சென்றிருக்க, உடைந்த விளிம்பில் மெருகு பொங்கிக் கொப்புளமாகி உறைந்திருந்தது. அடுப்புச் சூட்டுக்காகச் செய்த ஓடு, அடுப்பைவிடப் பெரிய சூட்டைப் பார்த்திருக்கிறது. பின்பக்கம் புகைக் கரி. அந்தக் கரி சமைத்த கரியா எரித்த கரியா என்று யாராலும் பிரிக்க முடியாது. மசெப்பாவின் புறநகர் மாளிகையில் இப்படிப்பட்ட வண்ண ஓடுகளும் சுடுமண் ரோஜாக்களும் ஏராளமாகக் கிடைத்திருக்கின்றன, கீவ் குயவர்களின் கைவேலை.

அடுப்பு என்றதும் செச்செல் ஞாபகம் வருகிறது. கோட்டை விழுந்தபோது அவர் தப்பிவிட்டார். குளிரில் விறைத்து, பக்கத்து ஊரில் உறவுமுறைக்காரர் ஒருவர் வீட்டில் ஏறி, அடுப்புமேல் சூட்டுக்காகப் படுத்தவர் அசந்து தூங்கிவிட்டார், அங்கேயே பிடித்துக் கொடுத்துவிட்டார்கள் என்று ஒரு பதிவு சொல்கிறது. ஹ்லூகிவ் நகரத்தில் அவரைக் கொன்றார்கள். காயத்தோடு பிடிபட்ட கோனிக்செக் வழியிலேயே இறந்தார். விடவில்லை, பிணத்தைக் கோனோதோப்பில் சக்கரத்தில் கட்டி முறித்தார்கள். காலையில் நாங்கள் காபி குடித்த அதே ஊர்.

பீட்டர் மென்ஷிகோவுக்கு எழுதிய உத்தரவு இருக்கிறது. ஊரைத் தக்கவைக்க முடியாதென்றால் பீரங்கிகளை ஹ்லூகிவுக்கு அனுப்பிவிட்டு, மற்றவர்களுக்குப் பாடமாக முழுக்க எரித்துவிடு என்பது சாரம். ஹ்லூகிவில் கோசாக் தலைவர்களைக் கூட்டி புது ஹெட்மனாக இவான் ஸ்கொரோபாத்ஸ்கியைத் தேர்ந்தெடுக்கவைத்தார். அகப்படாத மசெப்பாவுக்குப் பதில் ஒரு பொம்மை செய்து, அந்திரேயா விருதின் பட்டையை அதற்கு மாட்டி, மென்ஷிகோவும் ஜாரின் அமைச்சர் கொலோவ்கினும் மேடையேறி அதைப் பிய்த்தெறிந்தார்கள். பொம்மையைத் தூக்கில் போட்டார்கள். தேவாலயங்களில் சாபம் ஓதினார்கள். அடுத்த ஆண்டு பீட்டர் மசெப்பாவுக்கென்றே பத்து ரஷ்யப் பவுண்டு எடையில், அதாவது நான்கு கிலோவுக்குக் கூடுதலாக, ஒரு வெள்ளிப் பதக்கம் செய்யச் சொன்னார். அதில் தூக்கில் தொங்கும் யூதாஸ். கழுத்தில் மாட்ட மசெப்பா கிடைக்கவில்லை. 1709-இல் பொல்தாவாவில் சார்ல்ஸும் அவரும் தோற்றார்கள், துருக்கிய சுல்தானின் எல்லைக்குள் பெந்தேருக்கு ஓடினார்கள். அங்கே அந்த ஆண்டே கிழவர் படுக்கையில் இறந்தார், இந்த முறை நிஜமாகவே.

இன்னொரு விஷயம். 1726-இல் பேரரசி முதலாம் கேத்தரின் பதூரினை மென்ஷிகோவுக்கே தானமாக எழுதிக் கொடுத்தார். எரித்தவருக்கே எரிந்த ஊர். அதிகநாள் அனுபவிக்கவில்லை. மறு ஆண்டே பதவியும் சொத்தும் பறிபோய், சைபீரியாவுக்கு அனுப்பப்பட்டு, 1729-இல் அங்கேயே செத்தார். நீதி கிடைத்தது என்று இதைச் சொல்ல எனக்கு மனமில்லை. அரண்மனைக்குள் அவர்கள் ஒருவரையொருவர் கவிழ்த்துக்கொண்டதற்கும் சேய்மில் மூழ்கியவர்களுக்கும் என்ன தொடர்பு?

மதியம் ஊர் முக்கில் ஒரு சின்ன உணவகத்தில் வரேனிக்கி வாங்கித் தந்தாள் பாப்பா. உள்ளே உருளைக்கிழங்கு வைத்து மடித்து வேகவைத்த மாவு, மேலே வதக்கிய வெங்காயம், ஓரத்தில் புளித்த பாலேடு. கொழுக்கட்டைதான், இனிப்பு மட்டும் இல்லை. இனிப்பும் உண்டாம், செர்ரி வைத்தது. தன் பையைத் துழாவி இட்லிப்பொடிப் பொட்டலம் ஒன்றை எடுத்துத் தட்டில் தூவிக்கொண்டாள். அவள் ஒழுங்காகச் சாப்பிடுகிறாள் என்று அக்காவிடம் சொல்ல அந்த ஒரு காட்சி போதும். டிரைவருக்கும் கொஞ்சம் கொடுத்தாள். அவர் தும்மவில்லை, இன்னும் கேட்டார்.

கிளம்புவதற்கு முன்னால் ஆற்றுக்கு இறங்கினேன். மேட்டிலிருந்து சரிவாக ஒரு தடம். சேய்ம் பெரிய ஆறு இல்லை. தாமிரபரணி நல்ல நாளில் ஓடுகிற அளவுதான் இருக்கும். நாணல் காய்ந்து பழுப்பேறி நின்றது. எதிர்க்கரை தெளிவாகத் தெரிந்தது, கூப்பிட்டால் கேட்கும் தூரம். நவம்பர் என்றாலும் பனி படியவில்லை, தண்ணீர் கருப்பாக ஓடிக்கொண்டிருந்தது. கையுறையைக் கழற்றிக் கையைத் தண்ணீரில் விட்டுப் பார்த்தேன். ஐந்து எண்ணுவதற்குள் விரல்கள் மரத்துவிட்டன. இருபது எண்ணியபோது எனக்குக் கையே இல்லாத மாதிரி இருந்தது. கையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு மேலே ஏறினேன். எதிர்க்கரை அவ்வளவு பக்கத்தில் இருந்திருக்க வேண்டாம் என்று தோன்றிக்கொண்டே இருந்தது.

“என்ன மாமா, கையெல்லாம் செவந்துபோச்சு?”

“தண்ணி எப்படி இருக்குன்னு பாத்தேன்.”

“டிசம்பர்ல வந்திருந்தா நடந்தே போயிருக்கலாம். நல்லா இறுகிடும்.”

சூமி திரும்பும்போது இருட்டிவிட்டது. பாப்பா பின் இருக்கையில் தூங்கிவிட்டாள்.

2022 பிப்ரவரி 24 அன்று ரஷ்யப் படை எல்லை தாண்டியபோது அவள் நான்காம் ஆண்டில் இருந்தாள். ரஷ்ய எல்லைக்குப் பக்கம் என்பதால் சூமி முதல் நாளிலேயே சூழப்பட்டது. விடுதி நிலவறையில் இரவுகள், நின்றுபோன தண்ணீர்க் குழாய், பாத்திரத்தில் பனியை அள்ளி உருக்கிக் குடித்தது எல்லாம் செய்தியில் வந்தவை, அவள் எங்களிடம் சொல்லவில்லை. மார்ச் 8 அன்று அங்கே சிக்கியிருந்த சுமார் 700 இந்திய மாணவர்களைப் பேருந்துகளில் ஏற்றி வெளியே கொண்டுவந்தார்கள். அன்று இரவு எனக்கு அவளிடமிருந்து குறுஞ்செய்தி வந்தது. “மாமா, பொல்தாவா வந்து சேர்ந்தாச்சு. உங்க கிழவர் தோத்த ஊரு. அம்மாட்ட சொல்லிருங்க.” அங்கிருந்து ரயிலில் லிவிவ், பிறகு போலந்து, மார்ச் 11 டெல்லி.

இட்லிக் குக்கர் சூமி விடுதியில்தான் இருக்கிறது.